படமும் கடனும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நமது பங்கின் இளைஞர் பத்துப் பேர் ஐந்து மோட்டார் சைக்கிள்களில் தனுஷ்கோடிவரை சென்று, நான்காம் நாள் நலமாய்த் திரும்பினர். புறப்படுமுன் வண்டிகளை மந்திரித்து வாங்கிச் சென்றவர்கள் ஆதலால், வந்ததும் பங்கு இல்லத்தில் முகம் காட்டிவிட்டுப் போக வந்தனர். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "படம் அனுப்புறோம், பாருங்க சாமி" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையசைத்தனர். வாய்மொழியாய் ஒரு விடையை எதிர்பார்த்திருந்த நமக்கு, அன்றிரவு கைப்பேசி வழியாக முந்நூறுக்கும் மேற்பட்ட விடைகள் வந்து சேர்ந்தன.

படங்களைக் குறை சொல்வதற்கில்லை. பாம்பன் பாலத்தின்மேல் விடியற்காலை, இருபுறமும் கடல் நெருங்கி நிற்க நடுவே நேர்கோடாய் ஓடும் சாலை, கூரை இழந்த ஆலயத்தின் வளைவுக்குள் தெரியும் வானம் என்று ஒவ்வொன்றும் கண்ணுக்கு விருந்தாகவே இருந்தது. அவற்றுள் ஒன்று நம்மைப் பிடித்து நிறுத்தியது. இடிந்த சுவரோரம், சிப்பி மாலைகள் பரப்பிய சாக்கின் பின்னால், ஒரு மூதாட்டி. வெயில் அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்திலும் இறங்கியிருந்தது. மறுநாள் அந்தப் படத்தை எடுத்த இளைஞரை அழைத்து, "இந்த அம்மா யார் தம்பி?" என்று கேட்டோம்.

"தெரியாது சாமி."

"பேசிப் பார்த்தாயா?"

"கேட்டுத்தான் சாமி எடுத்தேன். அம்பது ரூபாயும் கொடுத்தேன்."

அந்த விடையில் பிழை காண நமக்கு வாய் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்வோம்.

பயணம் போகிறவர்கள் படம் எடுப்பதைப் பழித்துப் பேசும் பெரியவர் கூட்டத்தில் நாம் இல்லை. இது இன்றைய இளைஞர் கண்டெடுத்த பைத்தியமும் அன்று. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1858இல், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று ஊர் ஊராய்ச் சென்று படம் எடுத்தார். சென்னை மாகாண அரசு அவரை அப்பணிக்கென்றே அமர்த்தியிருந்தது. மெழுகேற்றிய தாளில் நெகட்டிவ் ஆயத்தம் செய்து, நம் வெயிலோடும் புழுதியோடும் மல்லாடி எடுத்தவை அவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாய் எடுத்து ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கிக் காட்டியவரும் அவரே. வெறுமையாய்த் தெரிந்த வானத்தில் மேகங்களைத் தூரிகையால் சேர்த்துவிடுவதும் அவர் வழக்கம். படத்தை அழகுபடுத்தி அனுப்பும் இன்றைய பிள்ளைகளை வைவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது. அன்றியும், 1964 புயலுக்கு முந்திய தனுஷ்கோடி எவ்வாறு இருந்தது என்பதை நம் கண்ணுக்குக் காட்டுபவை எஞ்சிய சில பழைய படங்களே அன்றோ?

ஆகவே படம் எடுக்கலாமா கூடாதா என்பதன்று நம் கேள்வி. எடுக்கிறவர் எதைப் பெறுகிறார், யாரிடமிருந்து பெறுகிறார், பெற்றதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி. தமிழில் இச்செயலுக்கு நாம் வழங்கும் சொற்களையே பாருங்கள். படம் பிடித்தோம் என்கிறோம். படம் எடுத்தோம் என்கிறோம். (பாம்பும் படம் எடுக்கும் என்று குருமடத்தில் நம் தமிழாசிரியர் நகையாடுவார்.) பிடிப்பதும் எடுப்பதும் பிறருக்கு உரியதன்மேல் நம் கை படுகின்ற செயல்கள். கடலும் வானும் யாருக்கும் உரியவை அல்ல. எத்தனை முறை எடுத்தாலும் குறைவதில்லை. முகம் அப்படிப்பட்டதா?

முதலில் பெறுவதைப் பற்றி. அமெரிக்காவில் லிண்டா ஹென்கல் என்ற உளவியலார் நடத்தி, 2014இல் வெளியான ஆய்வொன்று உண்டு. மாணவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, சில பொருள்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படம் எடுக்கவும் செய்தனர். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்களே அவர்கள் நினைவில் நன்றாய் நின்றன. காமிரா நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது போலும். இதைக் கேட்டு, "நான் அப்போதே சொன்னேனே" என்று பெரியவர்கள் மகிழ வேண்டாம். அதே ஆய்வில், ஒரு பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் பார்த்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி நேரவில்லை. மேலும் 2017இல் வேறு சிலர் நடத்திய ஆய்வில், எதை எடுப்பது என்று தாமே தேர்ந்து படம் எடுத்தவர்கள் கண்ணால் கண்டதை மற்றவர்களைவிட நன்றாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆயின் அவர்கள் காதால் கேட்டது குறைந்திருந்தது.

இந்தக் கடைசிச் செய்தியே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கண் கூர்மையாகிறது, காது அடைபடுகிறது. மலையையும் அருவியையும் காணப் போகிறவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. மனிதர் வாழும் இடத்திற்குப் போகிறவருக்கோ இழப்பு பெரிது. ஏனெனில் மனிதரிடம் உள்ளவற்றுள் பெரும்பகுதி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியது.

தனுஷ்கோடி அத்தகைய இடம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயில் இங்கு வந்து நிற்கும். பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலும் அதனோடு எழுந்த கடலும் அந்த ஊரை அழித்தன. பாம்பனிலிருந்து புறப்பட்டு ஊரை நெருங்கிக் கொண்டிருந்த பயணிகள் இரயில் முழுவதுமாய் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு அறிவிப்பாக இருக்க, மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் அங்கேயே வாழ்ந்து வந்தன. மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தார்கள்; கரைவலை இழுத்தார்கள். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் மணலிலும் சேற்றிலும் ஊர்ந்து செல்லும் வண்டிகளில்தான் போக வேண்டும். இல்லையேல் நடக்க வேண்டும். இன்று காரிலும் மோட்டார் சைக்கிளிலும் நாள்தோறும் திரளாக மக்கள் வருகின்றனர். பவளப்பாறைக் கற்களால் கட்டிய ஆலயத்தின் எஞ்சிய சுவர்களே அவர்கள் பெரிதும் விரும்பும் பின்னணி. திருமணத்திற்கு முன் மணமக்களை அழைத்து வந்து படம் எடுப்பதும் நடக்கிறது.

பலிபீடம் இருந்த இடத்தின் முன்னே பட்டுடுத்திய இருவர் கைகோத்து நிற்பதை முதலில் ஒரு படத்தில் கண்டபோது நமக்குச் சினம் மூண்டது உண்மை. பின்னர் ஆறப்போட்டு நினைத்துப் பார்த்தோம். எத்தனையோ மணமக்கள் முறைப்படி கைப்பிடித்த இடம் அது. இன்னும் இருவர் அங்கு அன்போடு நிற்பது எப்படி அவமதிப்பாகும்? கல்லின்மேல் ஏறித் துள்ளுகிறவர்களைக் கடிந்துகொள்ளலாம். அழிவில் அழகைக் காண்பதே பாவம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அத்தனை பேரைக் கொண்ட கடலும் அழகாய்த்தான் இருக்கிறது. அங்கு வாழ்கிறவர்களும் அதை அழகு என்றே சொல்வார்கள்; தாங்கள் யாரை இழந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். வந்தவர் முதலாவதை மட்டும் கொண்டு போகிறார்.

புனித அகுஸ்தினார் கிறித்தவப் போதனை பற்றிய தம் நூலின் தொடக்கத்தில், பொருள்களைப் பயன்படுத்துவது வேறு, துய்ப்பது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். அதற்கு அவர் சொல்லும் உவமையும் பயணமே. ஊர் திரும்பப் புறப்பட்டவர், வண்டியின் சுகத்திலும் வழியின் இனிமையிலும் மயங்கி, போய்ச் சேர மனமில்லாமல் ஆகிவிடுகிறாராம். நம் இளைஞருக்கு இந்த உவமை பிடித்திருந்தது. மோட்டார் சைக்கிளின் சுகத்தை அகுஸ்தினார் எப்படி அறிந்தார் என்று ஒருவர் கேட்டார். ஆனால் அந்த மூதாட்டியின் படத்திற்கு இவ்விரண்டு சொற்களும் போதவில்லை. அவரைப் பயன்படுத்துவதும் தவறு. அவர் முகத்துச் சுருக்கங்களைத் துய்ப்பது அதைவிடத் தவறு.

நம் நூற்றாண்டுக்கு அண்மையில் வாழ்ந்த மெய்யியலார் ஒருவர் இங்கு நமக்கு உதவுகிறார். லித்துவேனியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்து 1995இல் மறைந்த யூதர், இம்மானுவேல் லெவினாஸ். போரில் கைதியாய் இருந்தவர். குடும்பத்தாரை நாத்சிகளிடம் பறிகொடுத்தவர். 1961இல் வெளிவந்த அவரது பெருநூலில் மையமான சொல் 'முகம்' என்பது. பிறர் முகம் நாம் பார்த்து அளந்து வைத்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்றன்று. அது நம்மோடு பேசுகிறது, நம்மிடம் கேட்கிறது, நம்மைப் பொறுப்பாக்குகிறது என்பது அவர் கருத்தின் சாரம். முகத்தின் இயல்பு பேசுவது என்றால், காதை அடைத்துக்கொண்டு கண்ணை மட்டும் கூர்மையாக்கும் கருவியோடு அதன்முன் போய் நிற்பவர் எதைப் பெறுவார்? முகத்தின் மேற்பரப்பை மட்டுமே அவரால் கொண்டுபோக முடியும்.

உலகமே அறிந்த சான்று ஒன்று உண்டு. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பச்சை விழிகளை உடைய ஆப்கான் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் அது வந்தது. உலகில் அம்முகத்தை அறியாதவர் இல்லை என்னும்படி ஆயிற்று. அச்சிறுமியின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது; எடுத்தவருக்கும் தெரியாது. 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அவர் ஷர்பத் குலா என்பது தெரிந்தது. தம் படத்தை அன்றுதான் அவர் முதன்முறையாகப் பார்த்தார். அந்நியர் ஒருவர் படம் எடுத்ததில் அன்று தமக்கு உண்டான கோபத்தை அவர் மறந்திருக்கவில்லை. அதன்பின் அவ்விதழ் ஆப்கான் சிறுமியர் கல்விக்காக நிதி திரட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் பொய்யான அடையாள அட்டை வைத்திருந்தார் என்று பாகிஸ்தானில் கைதாகி அவர் நாடு கடத்தப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்குப் புகலிடம் தந்தது. உலகில் மிகுதியாய் அறியப்பட்ட முகங்களுள் ஒன்றுக்கு உரியவர், தாம் யார் என்று மெய்ப்பிக்கும் தாளுக்காக அல்லற்பட்டார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பணம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததா? நம் இளைஞர் கொடுத்த ஐம்பது ரூபாயை நாம் இகழவில்லை. நாள் முழுதும் வெயிலில் அமர்ந்து சிப்பி மாலை விற்கும் ஒருவருக்கு அது சிறு தொகை அன்று. அறம் பேசும் நம்மிடமிருந்து அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. கணக்குத் தீர்ந்த இடத்தில் பேச்சுக்கு வேலையில்லை.

இன்னொன்றும் உண்டு. பயணத்தில் படம் எடுப்பவர்களுக்குச் சுருக்கம் விழுந்த முதிய முகங்கள்மேல் தனி மோகம். அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் அதே சுருக்கங்களோடு அமர்ந்திருக்கும் பாட்டியைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்? இறந்தவர் வீட்டிற்குச் செல்லும் பங்குத்தந்தைக்கு இது நன்றாகத் தெரியும். மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடி வீடே அலைபாயும். கடைசியில், யாருடைய கலியாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தின் ஓரத்தில், பாதி மறைந்து நிற்கும் முகத்தைத் தனியே வெட்டிப் பெரிதாக்குவார்கள். அப்படி எத்தனையோ படங்களின் முன் நின்று நாம் செபித்திருக்கிறோம்.

இனி நாம் முன்னே சொன்ன காரணத்திற்கு வருவோம்.

1994ஆம் ஆண்டு. குருமாணவர்கள் ஆறு பேர் விடுமுறையில் தனுஷ்கோடி சென்றோம். எங்களுள் ஒருவருடைய அண்ணன் வளைகுடா நாட்டிலிருந்து கொண்டு வந்த காமிரா ஒன்று. 36 படங்கள் எடுக்கக்கூடிய சுருள் ஒன்று. இன்று போல் எண்ணற்று எடுக்க முடியாது. எடுக்குமுன் ஆறு பேரும் கலந்து பேசுவோம். எண்ணி எண்ணித்தான் எடுப்போம். மணலில் நெடுந்தொலைவு நடந்து ஆலயத்தின் அருகே வந்தபோது, கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களுக்கு ஊற்றுநீர் மொண்டு கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பாம்படம் தொங்கியது. ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம்.

"சாமிக்குப் படிக்கிற பிள்ளைகளா? இருங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். எடுத்து முடித்ததும் சொன்னார்: "எம் மகன் ஒருத்தன் அந்தப் புயல்ல போயிட்டான். ஏழு வயசு. அவன் மூஞ்சி இப்ப எனக்குச் சரியா ஞாபகத்துக்கு வரல. படம் கிடம் ஒண்ணும் எடுத்து வச்சதில்ல. எம் மூஞ்சியாவது இருக்கிற பிள்ளைகளுக்கு இருக்கட்டும். ஒண்ணு அனுப்பி வைப்பீகளா?"

"கண்டிப்பா அனுப்புறோம், அம்மா" என்றோம். ஆறு பேரும் சொன்னோம். ஊர்ப்பெயரையும், கடிதம் வந்தால் வாங்கி வைக்கும் கடையின் பெயரையும் படச்சுருள் வந்த அட்டைப் பெட்டியின்மேல் எழுதிக்கொண்டோம்.

அனுப்பவில்லை. கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. படம் கழுவி வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று கைமாற்றிப் பார்த்தோம். ஒவ்வொருவரும் மற்றவர் அனுப்பியிருப்பார் என்று இருந்துவிட்டோம். 'நான் அனுப்புகிறேன்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒருவேளை சென்று சேர்ந்திருக்கும். 'நாம்' என்ற சொல் எவ்வளவு அன்பானதோ அவ்வளவு வசதியானது. அதற்குள் ஆறு பேர் மறைந்துகொள்ள இடம் இருந்தது. இக்கட்டுரையிலும் 'நாம்' என்றே எழுதி வருகிறோம். இதழின் மரபு அது. இந்த ஓர் இடத்தில் அது நம்மை உறுத்துகிறது.

இளைஞர் அனுப்பிய படத்தைக் கண்ட வாரமே, அன்று உடன்வந்த நண்பர்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஒருவரிடம் பழைய ஆல்பத்தில் அந்தப் படம் இருந்தது. "நீங்க அப்பவே அனுப்பியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். நாம் அவரைப் பற்றி அவ்வாறே நினைத்திருந்தோம். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அதே இளைஞரை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடி சென்றோம். அவரும் தாம் எடுத்த படத்தின் பிரதியொன்றைக் கையோடு கொண்டுவந்தார். அந்த மூதாட்டி அன்று இராமேசுவரம் போயிருந்தார். பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நாம் கொண்டுபோன படத்தை மூன்று கடைகளில் காட்டினோம். மூன்றாவது கடையிலிருந்த பெரியவர், கடற்கரைப் பக்கம் ஓலைக் குடிசையொன்றைக் கைகாட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தார். உடனுக்குடன் படம் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் அங்கு உண்டு. நம்மையும் அப்படி நினைத்தார் போலும். சட்டத்தை வாங்கிப் பார்க்குமுன்னே, "இது எம்புட்டு?" என்று கேட்டார். விலைக்கு அன்று என்றோம். பிறகுதான் பார்த்தார்.

"எங்க மாமியாரு" என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "இந்தப் பாம்படத்த வித்துத்தான் எம் மக கலியாணம் நடந்துச்சு. இது எப்ப எடுத்தது?"

ஆண்டைச் சொன்னோம். அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். "அவுக செத்தது ரெண்டாயிரத்து மூணுல. வைக்கப் படமே இல்ல. ஓட்டுப் போடுற அட்டையில இருந்தத ராமேசுரத்துல குடுத்துப் பெருசாக்கி வாங்கியாந்தோம். வாங்க, பாருங்க."

குனிந்து உள்ளே சென்றோம். ஓலைத் தடுப்பில் காய்ந்த மாலையோடு அந்தப் படம் தொங்கியது. நெற்றியும் தலைமுடியும் தெரிந்தன. கண்ணும் வாயும் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள். அவர் அதைக் கழற்றவில்லை. கீழே இருந்த அரிசி டப்பாவின் மூடியைத் துடைத்து, நாம் கொண்டுபோனதை அதன்மேல் சாய்த்து வைத்தார்.